"தாகமா இருக்கா?" என்று கேட்பதை நிறுத்தினேன்

அம்மாவிடம் வருடக்கணக்காக நான் கேட்டுவந்த கேள்வி அது. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "தாகமா இருக்காம்மா? தண்ணி கொண்டு வரட்டுமா?" ஒரே பதில்தான் வரும்: "வேண்டாம்டி, தாகமே இல்லை." சரி, அவளுக்குத் தெரியாதா என்று நானும் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அவள் பொய் சொல்லவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நாட்களிலும் அவளுக்கு நிஜமாகவே தாகம் எடுக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டோம். முதல் முறை தண்ணீர் போதாமல், இரண்டாவது முறை தண்ணீர் அதிகமாகி.

முதல் சம்பவத்தின்போது அம்மாவுக்கு 79 வயது. சளியும் லேசான காய்ச்சலுமாக மூன்று நாள் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்ட பிறகும் சோர்வு போகவில்லை. பகலில் நிறையத் தூங்கினாள். எழுந்து நின்றால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் சித்தியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. தூக்கம் காய்ச்சலால், தள்ளாட்டம் வயதால், பெயர் மாறியது மறதியால். மூன்றையும் சேர்த்து வைத்து யோசிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "என்னம்மா பண்றே?" என்றேன். "பஸ் வந்துடும்" என்றாள். பக்கவாதம் என்று நினைத்து அலறியடித்துக்கொண்டு ஓடினோம்.

மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்புச் சத்து, 152 இருந்தது. தண்ணீர் குறைந்தால் அது ஏறும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் கூடவே ஏறியிருந்தன. டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நேத்து முழுக்க எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று என்னால் தூக்கத்திலும் சொல்ல முடியும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துக் கூட்டிப் பார்த்தால் மாத்திரையோடு இரண்டு வாய், அரை டம்ளர் காபி, கொஞ்சம் சூப். அவ்வளவுதான். காய்ச்சலில் வியர்த்துப் போனது வேறு.

நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக, சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள் என்று எனக்குப் பதற்றம். சோடியம் ஏறிய ரத்தத்துக்கு மூளையின் செல்கள் சில நாட்களில் தங்களைப் பழக்கிக்கொண்டுவிடுமாம். ரத்தத்தை அவசரமாக நீர்க்க வைத்தால் தண்ணீர் அந்தச் செல்களுக்குள் பாய்ந்து மூளை வீங்கும் ஆபத்து இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். மூன்றாம் நாள் அம்மா தன் கண்ணாடியைக் கேட்டாள். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் குழப்பம் முழுதாகத் தெளிய இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. சோடியம் சரியான அன்றே மனமும் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்களின் மூளை கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பி வரும்.

அந்த டாக்டர் பொறுமையாகப் பேசக்கூடியவர். அவர் சொன்னதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ரத்தத்தின் அடர்த்தியை மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. இளம் வயதில் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கூடினாலே தாகம் எடுத்துவிடும். வயதாக ஆக அந்த உணர்வு மங்குகிறது. இதைக் காட்டும் ஓர் ஆய்வு 1984ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 67 முதல் 75 வயது வரை உள்ள ஆரோக்கியமான ஆண்கள் ஏழு பேர், இளைஞர்கள் ஏழு பேர். எல்லாரும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். பெரியவர்களின் ரத்தம் இளைஞர்களின் ரத்தத்தைவிட அதிகமாகவே கெட்டிப்பட்டது. ஆனாலும் அவர்களுக்குத் தாகமும் வாய் வறட்சியும் குறைவாகவே இருந்தன. பிறகு முன்னால் தண்ணீரை வைத்தபோது இளைஞர்கள் தேவையான அளவு குடித்து ஈடுகட்டிவிட்டார்கள், பெரியவர்கள் குறைவாகவே குடித்தார்கள். இவர்கள் நோயாளிகள் இல்லை, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். இதைப் படித்தபோது அம்மாவின் "தாகமே இல்லை" எனக்கு வேறு மாதிரி கேட்டது.

இளம் சிறுநீரகம் சிறுநீரை ரத்தத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அடர்த்திவரை சுண்ட வைக்கும். அப்படித்தான் அது தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. வயதாகும்போது அந்தத் திறன் குறைகிறது. தண்ணீரைப் பிடித்து வை என்று சொல்லும் வாசோபிரசின் ஹார்மோன் மூளையிலிருந்து போதுமான அளவு வந்தாலும், சிறுநீரகம் முன்போல அதற்குச் செவிசாய்ப்பதில்லை. உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோன்களும் தளர்ந்துவிடுகின்றன. அதனால் உள்ளே போவது குறைந்த நாளிலும் வெளியே போவது அந்த அளவுக்குக் குறையாது.

கையிருப்பும் சிறியது. பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர், வாலிபனுக்கு சுமார் 60 சதவீதம், முதியவர்களுக்குப் பாதியை ஒட்டி, பெண்களுக்கு அதைவிடவும் சற்றுக் குறைவாக. காரணம் தசை. தசையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர், கொழுப்பில் அது மிகக் குறைவு. தசை கரைந்தால் தண்ணீர்த் தொட்டியே சுருங்குகிறது என்று அர்த்தம். அம்மாவின் எடை 48 கிலோ. அவள் உடம்பில் இருப்பது ஏறக்குறைய 22 லிட்டர். 70 கிலோ வாலிபனிடம் 42 லிட்டர் இருக்கும். இருவருக்கும் ஒன்றரை லிட்டர் குறைந்தால் யாருக்கு அடி பலமாக விழும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்திருப்பேன் என்று ஊகித்திருப்பீர்கள். அளவுக்கோடு போட்ட பெரிய பாட்டில் வாங்கினேன். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று நானே முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை, பயம்தான் சொல்லிற்று. அம்மாவும் என் முகத்தைப் பார்த்துக் குடித்தாள். இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைத்திருந்த பிரஷர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். அது சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைக்கும் தயசைடு வகை. மூன்றாவது வாரம் அம்மாவுக்குக் குமட்டல், தலைவலி. நடையில் பழைய தள்ளாட்டம். இன்னும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் கொடுத்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 124.

வயதான சிறுநீரகத்துக்குத் தண்ணீரைச் சேமிப்பது மட்டுமல்ல, கூடுதலாக வந்ததை வெளியே தள்ளுவதும் கடினம். தயசைடு மாத்திரை அதை இன்னும் கடினமாக்கும், உப்பையும் வெளியேற்றும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சோடியம் ஏறினாலும் இறங்கினாலும் தள்ளாட்டம், சோர்வு, குழப்பம் என்று வெளியில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரியவர் திடீரெனக் குழம்பினால் தண்ணீரைப் புகட்டிப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அப்படியானால் எவ்வளவுதான் குடிப்பது? மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் வழிகாட்டுதல், வயதான பெண்கள் நாளுக்குக் குறைந்தது 1.6 லிட்டரும் ஆண்கள் 2 லிட்டரும் பானங்களாகக் குடிக்க வேண்டும் என்கிறது. தண்ணீர் மட்டும் என்று இல்லை. காபி, டீ, பால், சூப் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். காபி உடம்பை வறள வைத்துவிடும் என்று நான் அம்மாவின் இரண்டாவது கப்பைப் பிடுங்கி வைத்திருந்தேன். மிதமாகக் குடிக்கும் காபி அப்படிச் செய்வதில்லை. பாவம், அவள் விரும்பிக் குடிப்பதே அது ஒன்றுதான். ஆனால் இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர் அளவைக் குறைத்தே சொல்லியிருக்கலாம், அதைத் தாண்டக் கூடாது. அம்மாவுக்கு டாக்டர் மாத்திரையை மாற்றி, 1.6 லிட்டர் என்று எழுதிக் கொடுத்தார்.

பாட்டிலை எடுத்து வைத்துவிட்டேன். அதைப் பார்த்தாலே அம்மாவுக்கு மலைப்பாக இருந்திருக்கிறது, சொல்லவில்லை. அவளுடைய டம்ளரில் எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்தேன். 160. ஆக ஒரு நாளைக்குப் பத்து டம்ளர். அந்தப் பத்தையும் ஏற்கனவே நடக்கும் காரியங்களோடு கட்டிப்போட்டோம். எழுந்ததும் ஒன்று, காலை மாத்திரையோடு முழு டம்ளர், காபி, குளித்து வந்ததும் ஒன்று, இப்படி. முன்பு மாத்திரைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பாள். அதை முழு டம்ளர் ஆக்கியதிலேயே மூன்று வேளைக்கு அரை லிட்டர் சேர்ந்துவிட்டது. பத்தில் ஏழு டம்ளர் மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிடும்.

பெரிய மாற்றம் கேள்வியில்தான். "வேணுமா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் அவள் தன் உடம்பைக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும், அந்த உடம்போ வாயைத் திறப்பதில்லை. இப்போது இரண்டு டம்ளரோடு போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். ஒன்று எனக்கு. நான் குடித்தால் அவளும் குடிக்கிறாள். அவளுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் இறங்குகிறது, குளிர்ந்தது பிடிக்காது. இத்தனை வருடம் அவளோடு இருந்தும் நான் இதைக் கவனிக்கவில்லை. கனமான டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கியதால் பாதியோடு வைத்துவிடுவதும் வழக்கம். கைப்பிடி வைத்த இலேசான கோப்பை அதைச் சரிசெய்தது. இன்னொன்று, குடிக்கும்போது அடிக்கடி புரையேறினாலோ குடித்த பிறகு குரல் கரகரத்தாலோ அது விழுங்குவதில் உள்ள சிக்கலாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லாமல் நாமாகக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவது நுரையீரலுக்கு ஆபத்து.

இவ்வளவு செய்தும் சாயங்கால டம்ளரை மட்டும் அம்மா தொடவே மாட்டாள். காரணம் தெரிய ஒரு மாதம் பிடித்தது. அதுவும் அவள் சொல்லவில்லை, சித்தியிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. இரண்டு வருடம் முன்பு ராத்திரி பாத்ரூம் போகும்போது வழுக்கி, விழாமல் தப்பித்திருக்கிறாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான்கு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்திருக்கிறாள். அப்புறம் மதியமும் குறைந்திருக்கிறது. எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, விழுந்து படுத்துவிடக் கூடாது என்பதற்காக அவள் தன் உடம்பை வறள விட்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் இருக்கிறது.

குறைத்ததால் ராத்திரி எழுவது நின்றதா என்றால், அதுவும் இல்லை. இளம் வயதில் ராத்திரியில் வாசோபிரசின் அதிகமாகச் சுரந்து சிறுநீரைக் குறைத்து வைக்கும். வயதானால் அந்த ஏற்றம் மங்கிப் போகிறது. பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததில் காலில் இறங்கித் தேங்கிய நீர் வேறு, படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. அதனால் மதியம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார் டாக்டர். அந்த நீர் பகலிலேயே பிரிந்துவிட்டால் ராத்திரிக்கு மிச்சம் குறையும். நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் காலையிலேயே சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கடைசி டம்ளர், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. பிறகு பாத்ரூம் வரை தானாக எரியும் சிறு விளக்குகள், சுவரில் பிடிமானக் கம்பி, வழுக்காத விரிப்பு. மூன்று முறை எழுந்தவள் இப்போது ஒன்று அல்லது இரண்டு முறை எழுகிறாள். ஆனால் பயமில்லாமல் போய்வருகிறாள். அந்தக் கம்பி மாட்டிய வாரத்திலிருந்து சாயங்கால டம்ளரைக் குடிக்க ஆரம்பித்தாள், நான் எதுவும் சொல்லவில்லை.

தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பது முதியவர்களிடம் எடுபடாது. வயதான தோல் எப்படியும் மெதுவாகத்தான் திரும்பும். வாய் வறண்டிருப்பது மாத்திரையாலோ வாயால் மூச்சு விடுவதாலோ இருக்கலாம். சிறுநீரின் நிறத்தைக்கூட முழுதாக நம்ப முடியாது, சுண்ட வைக்கவே முடியாத சிறுநீரகம் வறட்சியிலும் வெளிறிய சிறுநீரைத்தான் அனுப்பும். நான் நம்புவது எடை இயந்திரத்தை. தினமும் காலையில், பாத்ரூம் போய்வந்த பிறகு, சாப்பிடும் முன். ஒன்றிரண்டு நாளில் ஒரு கிலோ குறைந்தால் அது சதை இல்லை, தண்ணீர். அதே வேகத்தில் ஏறினாலும் தண்ணீர்தான், இதய நோயாளிகளுக்கு அது எச்சரிக்கை மணி. உட்கார்ந்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்ப்பேன். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டருக்குப் போன் செய்வேன்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில். இந்த நாட்களில் கணக்கே வேறு. வியர்வையும் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் வயதில் குறைவதால் முதியவர்களின் உடம்பு வெப்பத்தைச் சுலபமாக வெளியேற்றாது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். பொடியை உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் என்று போட்டிருப்பதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிதமிஞ்சிப் போகும். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அதையும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். சில பிரஷர் மாத்திரைகள், நீர் பிரிய வைப்பவை, மெட்ஃபார்மின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றை இந்த மாதிரி நாட்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எதை, எத்தனை நாள் என்று அம்மா நலமாக இருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி மாத்திரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீங்களும் வாங்கி வையுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் ராத்திரியில் யாரிடம் போய்க் கேட்பது?

எனக்கு இப்போது 61. சென்ற வருடம் ஒரு நீண்ட பயணத்தில் காலை முதல் மாலை வரை ஒரு கப் காபியோடு இருந்திருக்கிறேன். தாகமே தெரியவில்லை. தலைவலி வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். அம்மாவோடு குடிக்கிற டம்ளரை அன்றிலிருந்து எனக்காகவும் குடிக்கிறேன்.

சித்திக்கு 76. தனியாக இருக்கிறார். முன்பெல்லாம் போனில் "தண்ணி நல்லா குடிக்கிறீங்களா சித்தி?" என்பேன், "குடிக்கிறேன்மா" என்பார், பேச்சு வேறு பக்கம் போய்விடும். இப்போது "காலையிலேர்ந்து என்னென்ன குடிச்சீங்க?" என்று கேட்கிறேன். போன வாரம் அவர் யோசித்து, விரல் விட்டு எண்ணி, "ரெண்டு கப்" என்றார். மணி நாலு. "போனை வெச்சுடாதீங்க, போய் ஒரு டம்ளர் எடுத்துட்டு வாங்க" என்றேன். எடுத்து வந்து உட்கார்ந்தார். நானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டேன். அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.